பதினேழாம் எண்

ஹாலந்திலிருந்து குளிர்ப்பெட்டியில் வந்திறங்கின
இருபத்திரண்டு மரங்கள்.
ஷுவைக் துறைமுகத்தில் கதவைத் திறந்ததும்
புகைபோல் வெளியேறியது வெறும் குளிர்.
அக்டோபர்தான், ஆனாலும் நாற்பது டிகிரி.
நாங்கள் நால்வரும் அந்தப் புகையில்
முகத்தைக் கொடுத்து நின்றோம்,
கஸ்டம்ஸ்காரன் விரட்டும்வரை.

சீட்டில் கார்பினஸ் என்றிருந்தது.
வெள்ளைக்காரர்கள் ஹார்ன்பீம் என்பார்களாம்,
கொம்புபோல் கெட்டி என்பதால்.
முஹந்திஸ் ஃபோனைப் பார்த்துச் சொன்னார்.
அன்றிலிருந்து எனக்கு அது கொம்புமரம்.

குவைத் ஹோட்டல் ஒன்றின் நடுவில்
கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஒரு ஐரோப்பா.
இரவில் ஐந்து டிகிரிக்கு இறக்குவார்கள்.
உள்ளே போக ஸ்வெட்டர்,
வெளியே வந்தால் பனியன்கூடப் பாரம்.

மரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை.
சாம்பல் பட்டை, வழவழப்பு.
ஆனால் தண்டு உருண்டையில்லை.
மூட்டை தூக்குகிறவன் கையில்
சதை முறுக்கி எழுமே, அப்படி
நீளவாக்கில் புடைத்து, குழிந்து, மறுபடி புடைத்து.
ராத்திரி தெரியாமல் கை பட்டால்
யாரோ சட்டையில்லாமல் நிற்கிறார் என்று
ஒரு கணம் ‘சாரி’ சொல்ல வரும்.

இலை விளிம்பில் ரம்பப் பல்,
பல்லுக்குள்ளே இன்னும் பொடிப் பல்.
கிளைநரம்புகள் விசிறி மடிப்பாக
ஒன்றையொன்று தொடாமல் ஓடும்.
எண்ணினேன். பக்கத்துக்குப் பன்னிரண்டு.
சிலதில் பதிமூன்று.
ஏன் எண்ணினாய் என்று கேட்காதீர்கள்,
ஷிஃப்ட் பத்து மணிநேரம்.

டிசம்பரில் ஒரு வாரம் மஞ்சள்.
பிறகு பழுப்பு.
பிறகு உதிர வேண்டுமல்லவா?
உதிரவில்லை.
சுருண்டு, மொறுமொறுத்து,
அத்தனையும் கிளையிலேயே தொங்கின.
ஏசி காற்று வந்தால்
ரசீதுக் கட்டைக் கசக்குகிற சத்தம்.

“செத்த மரத்தடியில் எவன் காப்பி குடிப்பான்?
வியாழனுக்குள் பிடுங்கு எல்லாவற்றையும்.
பிளாஸ்டிக் வைத்துக்கொள்ளலாம்.”
முதீர் வஜ்தி ஒருமுறைதான் சொல்வார்.

தன்பீர் புன், மியாக்தி மலைக்காரன்,
ஏணி வண்டி ஓட்டுபவன், கிட்டே வந்தான்.
“இதன் பங்காளி ஒருவன் எங்கள் பக்கம் உண்டு.
இதே முறுக்கு உடம்பு. பேர் மறந்துபோச்சு.
இலையிடம் என்ன கேட்கிறாய், பட்டையைக் கேள்.”
கட்டைவிரல் நகத்தால் கிளையைச் சுரண்டினான்.
ஒரு அரிசி அளவு இடம்.
உள்ளே பச்சை. ஈரமான பச்சை.

விடியும்வரை சுரண்டினோம்.
இருபத்தோரு பச்சை.
தூணோரம் நின்ற பதினேழு மட்டும்
சீரகம்போல் காய்ந்த பழுப்பு.
சொட்டுக் குழாயில் மண் அடைத்திருந்தது.
அந்த வரிசை என் பொறுப்பு.
தன்பீர் என்னைப் பார்த்தான்,
பிறகு பார்க்காததுபோல் இருந்தான்.

வஜ்தியைக் குனியவைத்து
அவர் நகத்தாலேயே சுரண்டவைத்தோம்.
“மார்ச் வரை. அப்புறம் உங்கள் சம்பளத்தில்”
என்றபடி விரலைத் துடைத்துக்கொண்டார்.

பதினேழை அறுத்தோம்.
இரண்டு முறை ரம்பம் மழுங்கியது.
உள்ளே வெளுப்பு, கிட்டத்தட்ட எலும்பு.
வயது வளையங்கள்கூட வட்டமாக இல்லை,
வெளியே புடைத்த இடமெல்லாம்
உள்ளேயும் அலை.
அடித்துண்டு ஜிலீப் கேம்ப் சமையலறைக்குப் போயிற்று.
அதில்தான் குஞ்ஞுமோன் இப்போது மீன் வெட்டுகிறான்.
கட்டையில் ஒரு கீறல் இல்லை,
கத்திதான் தேய்கிறது என்று திட்டுகிறான்.
வெள்ளிக்கிழமைதோறும்
அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

மார்ச் நான்காம் தேதி.
கிளையோடு ஒட்டிப் படுத்திருந்த மொட்டுகள்
ஊசிமுனை விரித்துப் பச்சையைக் கக்கின.
அதுவரை பிடியை விடாத பழசெல்லாம்
இரண்டே இரவில் கொட்டித் தீர்த்தன.
பளிங்குத் தரை தெரியவில்லை.

காலை ஆறுக்கு வஜ்தி ஃபோன்:
“என்ன குப்பை இது?”

பெருக்கினேன்.
பதினேழாம் குழி இன்னும் காலி.
அங்கே குழாய் இப்போது நன்றாகச் சொட்டுகிறது.
அடைப்பை நான்தான் எடுத்தேன்.